ஐந்தாம் அங்கத்துக்குக் குளிரக்கூடாது

அந்த ஜனவரியில் பாரிஸின் லா சப்பல் பக்கம் தண்ணீர்க் குழாய்கள் குளிரில் வெடித்தன. ஆறாம் மாடியில் பேனாட் குடியிருந்த அறையில் எதுவும் வெடிக்கவில்லை. வெடிப்பதற்கு அங்கே குழாயே இல்லை.

தண்ணீர் வேண்டுமானால் வெளியே, படிகள் முடிகிற இடத்தில் இருந்த பொதுக் குழாய்க்குப் போகவேண்டும். அறைக்குள் ஒரு மெத்தை, ஒரு மேசை, ஒரு காஸ் அடுப்பு, மனைவி மார்கிரட், ஏழு மாதக் குழந்தை செசில். ஜன்னலுக்குக் கீழே ஒரு சோபாஜ், அதாவது அறையைச் சூடாக்குவதற்கென்று யாரோ எப்போதோ பொருத்திய இரும்புப் பெட்டி. தொட்டால் வெளிச் சுவரைவிடச் சில்லென்று இருக்கும்.

செசில் மூச்சை இழுக்கும்போதெல்லாம் நெஞ்சுக்குள் விசில் கேட்டது. டாக்டர் குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, "மருந்து பிறகு. முதலில் அறையைச் சூடாக வைத்திருங்கள். இல்லையென்றால் அடுத்தமுறை நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள்" என்றார்.

பேனாட் கட்டடத்தை நிர்வகிக்கும் காரியாலயத்துக்கு ஓடினான். அங்கே மேசைக்குப் பின்னால் இருந்த அம்மா அவன் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டாள்.

"மிஸ்யூ, வேலை செய்துகொண்டிருந்த சோபாஜ் நின்றுபோனால் அது முறைப்பாடு. உங்களுடையது நீங்கள் வருவதற்கு முன்பிருந்தே வேலை செய்யவில்லை. ஆகவே எதுவும் மாறவில்லை. மாறாத ஒன்றை நான் எப்படித் திருத்துவது?"

பேனாட் "மெர்சி" என்று நன்றி சொல்லிவிட்டு வந்தான். அகதி வழக்கு முடியும்வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற 'றெசிப்பிசே' என்ற கடதாசித் துண்டில்தான் அவனுடைய குடும்பம் தொங்கிக்கொண்டிருந்தது. மேசைக்குப் பின்னால் இருக்கும் எவருக்கும் அவன் மெர்சிதான் சொல்லுவான். அடித்தாலும் சொல்லியிருப்பான்.

மார்கிரட் மெர்சியை நம்பவில்லை. அவள் கோதுமை மாவில் பசை காய்ச்சினாள்.

மன்னார்க்காரருக்கு நத்தார் வந்தால் பாலன் குடில் கட்டியாகவேண்டும். தடித்த கடதாசியைப் பசையில் தோய்த்துக் கசக்கி, தேயிலைச் சாயம் பூசினால் பெத்லகேம் மலை வந்துவிடும். அதற்கென்று டிசம்பரில் பேனாட் கடதாசி தேடியபோது, கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த தவரத்தினம் அண்ணை அவனை நிலவறைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஆள் உயரத்துக்குப் பழைய கட்டுகள். கோடு கோடாக, கோட்டில் எறும்பு ஏறியது போலப் புள்ளி புள்ளியாக.

"கடையை எடுக்கேக்கை உதுகளும் சேர்ந்து வந்தது தம்பி. முந்தி ஆரோ பாட்டுப் புத்தகம் அடிச்சு வித்தவங்களாம். விக்காமல் கிடந்தது போல. நான் வடை சுத்துறன். எண்ணெயை என்ன மாதிரி உறிஞ்சுது தெரியுமே? உள்ளூர்ப் பேப்பர் கிட்டவும் வராது."

குடிலுக்குப் போக மிஞ்சியதைத்தான் இப்போது மார்கிரட் அறையின் நாலு சுவரிலும் ஜன்னல் வெடிப்பிலும் ஒட்டினாள். காற்று கொஞ்சம் அடங்கியது. விசில் அடங்கவில்லை.

இனிக் கதைக்குள் வருகிறவர்கள் பெரிய மனிதர்கள். கொஞ்சம் மரியாதையாக நிற்போம்.

இப்போலித் வெர்னசால் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓர் இசை மேதை இருந்தார். ஐந்து அங்கம், இருநூறு பேர் கோரஸ், மூன்றாம் அங்கத்தில் நடனம், நாலாம் அங்கத்தில் நிஜக் குதிரைகள் என்று பிரம்மாண்டமான ஓப்பரா இசைநாடகங்கள் எழுதினார். அவற்றை மேடையில் கேட்டவர்கள் இன்று ஒருவரும் உயிரோடில்லை. கேட்டதால் அல்ல, காலம் அப்படி. அவருடைய அச்சான படைப்புகள் அனைத்தையும் நாற்பது தொகுதிகளாகத் திரும்ப அச்சிட 'வெர்னசால் முழுப்படைப்புப் பேரவை' என்று ஒன்று உலகப் போருக்கு முன்பே தொடங்கப்பட்டது. அரை நூற்றாண்டு உழைப்பில் முதல் தொகுதியின் முன்னுரை வெளிவந்திருந்தது. முன்னுரைக்கான பிழைதிருத்தம் தனி நூலாக வந்தது. பிழைதிருத்தத்தில் இருந்த பிழைகளுக்கான நூல் அச்சில் இருந்தது.

தொகுதிகள் வராததற்குப் பேரவை ஒரேயொரு காரணம்தான் சொல்லிவந்தது. 'தமாஸ்கஸின் அகதிகள்' என்ற ஓப்பராவின் அச்சுப்பிரதி உலகில் எங்குமே இல்லை. அது கிடைக்காமல் வேலையை எப்படித் தொடங்குவது?

ஒரு மத்தியானம் பேரவையின் செயலாளர் பசியோடு ஃபொபூர் சேன்-தெனி வீதியின் மேல்முனையில் நடந்துவந்தார். தவரத்தினம் கடையில் சூடாக ஒரு வடை வாங்கினார். ஒரு கடி கடித்தார். சுற்றியிருந்த கடதாசியைப் பார்த்தார். வடை நிலத்தில் விழுந்தது. மூன்றாம் அங்கத்து நடனத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவர் நடைபாதையிலேயே முழந்தாளிட்டார்.

"அந்தாள் விழுந்த விழுகையிலை வடையிலை கல்லு கடிச்சுப்போட்டுதாக்கும் எண்டு நினைச்சன்" என்று தவரத்தினம் பிறகு சொன்னார்.

நிலவறையில் மிச்சம் ஏதும் இருக்கவில்லை. அந்த ஓப்பராவின் முதல் மூன்று அங்கங்களை லா சப்பல் தமிழர்கள் வடையோடு வாங்கி, வடையைத் தின்று, அங்கங்களைக் குப்பையில் போட்டிருந்தார்கள். "ஒரு கட்டு மேலை ஆறாம் மாடிப் பெடியனுக்குக் குடுத்தனான்" என்று தவரத்தினம் சொல்லி முடிக்குமுன் செயலாளர் தலைவரைக் கூட்டிவர ஓடிக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்த பேனாட்டுக்கு உயிர் போய் வந்தது. கழுத்துப்பட்டி கட்டிய மூன்று பேர். ஒருவர் கையில் தோல்பை. செயலாளர் கையில் எழுதத் தயாராகப் பேனை. நடுவில் வெள்ளை மீசையோடு உயரமாக ஒருவர், பேரவையின் தலைவர் மிஸ்யூ தெ வில்போ.

அகதி விசாரணைக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள் என்று பேனாட் முடிவுகட்டினான். வேறு யார் வருவார்கள்? கழுத்துப்பட்டி கட்டி ஆறு மாடி ஏறி அவனைப் பார்க்க வேறு யாருக்கு அலுவல் இருக்கிறது? சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றான்.

"இது உங்களிடம் எப்படி வந்து சேர்ந்தது?" தெ வில்போ எண்ணெய்க் கடதாசியைத் தூக்கிக் காட்டினார்.

பேனாட் கடதாசியைப் பார்க்கவில்லை. 'எப்படி வந்து சேர்ந்தது' என்ற கேள்விக்கு அவனிடம் ஒரே பதில்தான் பிரெஞ்சில் இருந்தது. வழக்குக்காகப் பாடமாக்கி, மார்கிரட்டுக்கு ஒப்புவித்து, நித்திரையிலும் பிசகாத பதில்.

"மன்னாரில் இருந்து கொழும்பு. கொழும்பில் இருந்து மொஸ்கோ. மொஸ்கோவில் இருந்து கிழக்கு பெர்லின். பிறகு ரயில். பிறகு காடு, நடை. பிறகு பாரிஸ்."

செயலாளர் அவசரமாக எழுதிக்கொண்டார். "மொஸ்கோ" என்றார் தலைவரிடம் மெதுவாக. "ரஷ்ய அரச நூலகம். நான் எப்போதும் சொல்லிவந்தேன்."

"வழியில் சேதம் ஏதும்?"

"மன்னாரில் ஆமி. இரண்டுமுறை. எரித்தார்கள்."

"எரித்தார்களா? எதை?"

"வீட்டை" என்றான் பேனாட்.

தலைவரின் முகத்தில் ஒரு பெரிய நிம்மதி பரவியது. "நல்லவேளை. வீட்டை மட்டும்தான்."

மூன்று பேரும் அப்போதுதான் சுவரைப் பார்த்தார்கள்.

நாலு சுவரிலும் ஐந்தாம் அங்கம், தலைகீழாகவும் நேராகவும். குடிலுக்குப் பின்னால் கசங்கித் தேயிலைச் சாயத்தில் நாலாம் அங்கம். நத்தார் முடிந்தும் அந்த மலையைக் கழற்ற மார்கிரட்டுக்கு நேரம் கிடைத்திருக்கவில்லை. செயலாளர் அழுதார். மார்கிரட் பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டு மூலைக்குப் போனாள்.

"என்னப்பா, கேஸை வெட்டிப்போட்டாங்களோ? அந்தாள் ஏன் அழுகுது?"

"தெரியேல்லை. வாயைத் திறவாமல் நில்லும்."

கீழே போய்த் தவரத்தினத்தை மொழிபெயர்க்கக் கூட்டிவந்த பிறகுதான் ஆட்கள் யாரென்று விளங்கியது. தலைவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து ஒரு சிறிய உரை நிகழ்த்தினார்.

"கனவான்களே, இந்த அறையைப் பாருங்கள். இந்தக் குளிரைப் பாருங்கள். இந்த ஈரத்தைத் தொட்டுப் பாருங்கள். இப்படிப்பட்ட ஓர் இடத்தில், இந்தக் குளிர்காலம் முழுவதும், ஒரு சூடு இல்லாமல், ஒரு பாதுகாப்பு இல்லாமல் வாழவிட்டிருக்கிறோம். நாகரிகமுள்ள ஒரு நாடு இதற்காக வெட்கப்படவேண்டும்."

தவரத்தினம் மொழிபெயர்த்தார். மார்கிரட்டின் கண் கலங்கிவிட்டது. பாரிஸுக்கு வந்த நாள்முதல் இப்படி ஒரு வார்த்தையை அவள் யார் வாயிலும் கேட்டதில்லை.

"எங்களைப் பற்றியோ அண்ணை சொல்லுறார்?"

"பொறு பிள்ளை, கேட்டுச் சொல்லுறன்." கேட்டார். திரும்பினார். "இல்லையாம். சுவரிலை இருக்கிறதைப் பற்றியாம்."

மறுநாளே ஆறு மாடிக்கும் புதிதாக மின்கம்பி இழுக்கப்பட்டது. சாம்பல் நிறத்தில் புத்தம்புதுச் சோபாஜ் ஒன்றை இரண்டு பேர் தூக்கிவந்து மெத்தைக்கும் சுவருக்கும் நடுவில் வைத்தார்கள். காற்றில் எவ்வளவு ஈரம் என்று காட்டுகிற ஒரு முள்ளுப் பெட்டியும் வந்தது. கட்டட நிர்வாகக் காரியாலயத்து அம்மா நேரில் வந்து வாழ்த்தினாள். ஒட்டிய கடதாசியைக் கழற்றினால் கிழிந்துவிடும், ஆகவே சுவரோடு சேர்த்து இருக்கிற இடத்திலேயே காப்பது என்று பேரவை தீர்மானித்திருந்தது.

எதற்காக வந்தால் என்ன, சூடு சூடுதான். அன்று பின்னேரம் செசில் போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டுக் கை கால் விரித்துத் தூங்கினாள். பேனாட் காதை அவள் நெஞ்சில் வைத்துக் கேட்டான். விசில் இல்லை. மார்கிரட் குளிர்ச்சட்டையைக் கழற்றிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கை எப்படி இருக்கும் என்பதையே பேனாட் மறந்துபோயிருந்தான்.

அடுத்த நாள் தலைவர் தவரத்தினத்தோடு வந்து முள்ளுப் பெட்டியைப் பார்த்தார். முகம் கறுத்தது.

"இங்கே யாரோ மூச்சு விடுகிறார்கள்."

யாரும் மறுக்கவில்லை.

"ஒரு மனிதன் நாளொன்றுக்கு எவ்வளவு ஈரத்தை வெளியே விடுகிறான் என்று தெரியுமா? அதிலும் குழந்தை. அழுகை, எச்சில், பால், மூத்திரம். வெர்னசால் வெள்ளப்பெருக்கில் நிற்கிறார், மதாம். நீங்கள் இங்கே இருக்கமுடியாது."

"எங்களை வெளியாலை போகச் சொல்லுறாரோ?" என்று பேனாட் கேட்டான்.

தவரத்தினம் கேட்டபோது தலைவர் புண்பட்டுப்போனார். "வெளியேற்றுவதா? அந்த அதிகாரம் எங்களுக்கு இல்லை. நாங்கள் இசையை உள்ளே வைக்கிறோம், அவ்வளவே. சுவாசிக்கும் பொருளும் அச்சிட்ட பொருளும் ஒரே அறையில் இருக்க முடியாது. இது இயற்கையின் சட்டம். முறைப்பாடு இருந்தால் இயற்கையிடம் செய்யுங்கள்."

மெத்தை வெளியே குழாயடிக்கு வந்தது. புறநகர் சார்செலில் ஒரு வீட்டில் பேனாட் இடம் கேட்டான். அங்கே குசினிக்குள்ளும் ஆள் படுத்திருந்தது. இன்னொரு புறநகரான கார்ஜில் தவரத்தினத்தின் வீட்டில் ஒரே அறைக்குள் நாலு பெடியள் மாறிமாறித் தூங்கினார்கள், அதில் ஒருவனுக்குச் சயரோகம். குழாயடிதான் மிச்சம். மூடிய கதவின் கீழ் இடுக்கு வழியாக ஒரு விரல் அளவு சூடு கசிந்தது. மார்கிரட் செசிலை அந்த இடுக்கோடு ஒட்டிக் கிடத்தினாள். பேரவை இதையும் கண்டுபிடித்தது. சூடு வீணாகிறது என்று ஓர் ஆள் வந்து இடுக்குக்கு ரப்பர் அடித்துவிட்டுப் போனான்.

விசில் திரும்பி வந்தது. இந்தமுறை அது படிக்கட்டு முழுக்கக் கேட்டது.

பேனாட் தவரத்தினத்தோடு பேரவைக் காரியாலயத்துக்குப் போனான். ஆளுயரக் கண்ணாடி, விளக்குக் கொத்து, மூன்று கணப்பு. கோட்டைக் கழற்றச் சொன்னார்கள், அவ்வளவு சூடு.

"எங்களுக்கு வேண்டாம். பிள்ளையை மட்டும் பகலிலை கொஞ்ச நேரம் உள்ளுக்குக் கிடத்தட்டோ எண்டு கேளுங்கோ அண்ணை. டாக்குத்தர் ஆஸ்பத்திரி எண்டு சொல்லிப்போட்டார்."

தலைவர் இரக்கத்தோடு கேட்டார். மீசையைத் தடவி யோசித்தார்.

"எங்கள் விதி மிகத் தெளிவானது, மிஸ்யூ. பிரசுரமானவற்றை மட்டுமே நாங்கள் பாதுகாக்கிறோம். அந்தக் குழந்தை ஏதாவது பிரசுரித்திருக்கிறதா?"

"ஏழு மாதம்" என்றார் தவரத்தினம்.

"வெர்னசால் ஏழு வயதிலேயே பிரசுரித்துவிட்டார். பிள்ளைக்கு இன்னும் காலம் இருக்கிறது. நம்பிக்கையை இழக்காதீர்கள்."

பேனாட்டின் வாய் பழக்கத்தில் "மெர்" வரைக்கும் போய் நின்றது. மிச்ச எழுத்தை விழுங்கிக்கொண்டு வெளியே வந்தான். தெருவில் தவரத்தினம் காறித் துப்பினார்.

"நாட்டிலை ஆமிக்காரன் சுட வந்தான், ஓடி வந்திட்டம். இவங்கள் சுடாமல் எல்லோ கொல்லுறாங்கள். எங்கை ஓடுறது?"

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் திறப்பு விழா. ஐந்தாம் அங்கம் கண்டெடுக்கப்பட்ட அறையிலேயே அதைப் பாடிக் காட்டுவது என்று ஏற்பாடு. பியானோ அறைக்குள் நுழையவில்லை. ஆகவே அது வெளியே, மெத்தைக்கும் குழாய்க்கும் நடுவில் நின்றது. வாசிப்பவர் முழங்கை பேனாட்டின் தலைக்கு மேல் போய்வந்தது. பாட்டுக்காரி, பேரவையினர், கலாசார அமைச்சு அதிகாரி என்று பன்னிரண்டு பேர் அறைக்குள் நின்று தாராளமாக மூச்சுவிட்டார்கள். முள்ளுப் பெட்டியை மேசைக்குக் கீழே வைத்துவிட்டார்கள். பாட்டு கேட்கவேண்டும் என்பதற்காகக் கதவு திறந்திருந்தது. தவரத்தினம் 'முன்னாள் காப்பாளர்' என்ற கௌரவத்தில் வாசலில் நின்றார்.

தலைவர் பேசினார். "இந்த மேதை நமக்குக் கற்றுத்தருவது ஒன்றே ஒன்று. இரக்கம். நூறு வருடத்துக்கு மேல் இந்தக் குரல் கதவுக்கு வெளியே காத்துக்கிடந்தது. நாம் கேட்கவில்லை. இன்று கேட்போம்."

பாட்டுக்காரி தொடங்கினாள். உரோமக் கோட்டும் சூடும் சேர்ந்து அவளுக்கு வேர்த்தது. கைக்குட்டையால் விசிறிக்கொண்டே இரண்டு கைகளையும் சுவரை நோக்கி நீட்டினாள். குரல் ஏறியது. அமைச்சு அதிகாரி மூக்கை உறிஞ்சினார். தலைவரின் கன்னத்தில் கண்ணீர் வழிந்து மீசைக்குள் போனது.

செசில் இருமினாள்.

தலைவர் கண்ணீரோடு திரும்பினார். "யாரது? மிக உருக்கமான இடம் இது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள்."

மார்கிரட் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டாள். "அண்ணை, அந்த மனுசி என்ன சொல்லிப் பாடுது? ஏன் எல்லாரும் அழுகினம்?"

தவரத்தினம் காது கொடுத்தார். "கதை என்னண்டால், அவ ஒரு அகதி. ஊரை விட்டு ஓடி வந்தவ. வெளியிலை பனி கொட்டுது. பிள்ளைக்குக் குளிருதாம், சாகப்போகுதாம். அரண்மனைக்காரர் கதவைத் திறக்கேல்லை. திறக்கச் சொல்லிக் கெஞ்சுறா."

"ஆரின்ரை பிள்ளைக்குக் குளிருதாம்?"

"அவவின்ரை பிள்ளைக்கு."

"பிள்ளை எங்கை?"

"பிள்ளை இல்லையம்மா. பாட்டு."

மார்கிரட் எழும்பினாள். பேனாட் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்தான். "பொறும், றெசிப்பிசே" என்றான். தலைப்பு அவன் கையிலிருந்து நழுவிப்போனது. மெத்தையையும் பியானோவையும் தாண்டி, பன்னிரண்டு பேரையும் விலக்கி, அவள் சோபாஜுக்குப் பக்கத்தில் போய்ச் சப்பாணி கட்டி உட்கார்ந்து, பிள்ளையின் நெஞ்சைச் சூட்டுப் பக்கம் திருப்பி மடியில் வைத்தாள்.

கைதட்டல் வெடித்தது. என்ன ஒரு தத்ரூபம் என்றார் அமைச்சு அதிகாரி. நடிக்க ஆளைத் தேடிப் பிடித்த பேரவையைப் பாராட்டினார். பாட்டுக்காரி கடைசி அடியை மார்கிரட்டின் தலையில் கைவைத்தே பாடி முடித்தாள்.

பாட்டு முடிந்தது. மார்கிரட் எழும்பவில்லை.

தலைவர் குனிந்து சிரித்தபடியே சொன்னார். "நன்றி மதாம். மிக அழகு. இனி நீங்கள் போகலாம்." அவள் அசையவில்லை. அவர் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "பிள்ளையின் மூக்கு ஒழுகுகிறது. இந்த அறையில் ஈரம் ஆபத்து. போவதற்கு முன் தயவுசெய்து துடையுங்கள்."

தவரத்தினம் தமிழில் சொன்னார். மார்கிரட் துணி தேடினாள். பிள்ளையின் துணிகள் எல்லாம் வெளியே கொடியில் பலகை போல விறைத்துத் தொங்கின. பக்கத்துச் சுவரைப் பார்த்தாள். இரவும் பகலும் எரிந்த புதுச் சோபாஜின் வறட்சியில் மாப் பசை பொருக்குவிட்டு, ஒரு தாளின் மூலை தானாகவே சுருண்டு நின்றது. இழுத்தாள். தாள் முழுசாகக் கையோடு வந்தது.

அதால் பிள்ளையின் மூக்கைத் துடைத்தாள். நன்றாக, இரண்டு பக்கமும். பிறகு கசக்கி, தலைவரின் சப்பாத்துக்குப் பக்கத்தில் போட்டாள்.

செயலாளர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சரிந்தார்.

"உலகில் ஒரே பிரதி" என்றார் தலைவர். "பொலிஸ். பொலிஸைக் கூப்பிடுங்கள். இவர்களுடைய பத்திரங்களைப் பார்க்கச் சொல்லுங்கள்."

பத்திரம் என்ற சொல் பேனாட்டுக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே விளங்கியது. மன்னிப்புக் கேட்கிற பிரெஞ்சு வசனம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அறைக்குள் பார்த்தான். சோபாஜின் சிவப்பு வெளிச்சத்தில் செசில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் குனிந்து மெத்தையின் ஒரு முனையைப் பிடித்தான். இழுத்தான். பியானோக்காரர் காலைத் தூக்கினார். அமைச்சு அதிகாரி விலகினார். மினுக்கிய சப்பாத்துகளை வரிசையாக மிதித்துத் தள்ளிக்கொண்டு மெத்தை அறைக்குள் வந்து, சோபாஜுக்குப் பக்கத்தில், வழக்கமாக அது கிடக்கும் இடத்தில் கிடந்தது.

"தவரத்தினம் அண்ணை, உவருக்குச் சொல்லுங்கோ" என்றாள் மார்கிரட். குரலை உயர்த்தவில்லை. வலது கை சுவரில், அடுத்த தாளின் சுருண்ட மூலையில் இருந்தது. "சோபாஜ் இஞ்சைதான் நிக்கும். நாங்களும் இஞ்சைதான் இருப்பம். பொலிஸ் வரட்டும். ஆறு மாடி ஏறி வர நேரம் எடுக்கும்."

தவரத்தினம் ஒரு சொல் விடாமல், வாழ்க்கையில் முதல்முறையாகத் திருத்தமான பிரெஞ்சில், ரசித்து ரசித்துச் சொன்னார்.

தலைவர் வாயைத் திறந்தார். அதற்குள் செசில் ஒரு தும்மல் தும்மினாள். பன்னிரண்டு பெரிய மனிதர்களும் குழந்தையின் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது மறுபடி ஒழுகத் தொடங்கியிருந்தது. சுவரில் இன்னும் நிறையப் பக்கங்கள் இருந்தன.